அடர் உப்புக்கரைசலை எந்த வழியில் ஏற்றுவது: புறச்சிரையா, மையச்சிரையா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் இளம் மருத்துவர்களும் செவிலியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. இரத்தத்தில் சோடியம் 108 மில்லிமோலுக்கு இறங்கி, வலிப்பு நிற்காமல் வந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு 3 சதவீத சோடியம் குளோரைடு கரைசலை உடனே ஏற்றியாக வேண்டும். தலைக்காயத்தில் மூளை வீங்கி, ஒரு பக்கக் கண்மணி விரிந்துவிட்டவருக்கும் அதே அவசரம்தான். ஆனால் அந்த நேரத்தில் இருப்பது முன்கையின் புறச்சிரையில் போடப்பட்ட ஒரு கேனுலா (சிரைக்குள் செருகும் மெல்லிய குழாய்) மட்டுமே. அதன் வழியே ஏற்றினால் சிரை புண்ணாகிவிடுமோ, வெளியே கசிந்து தோல் அழுகிவிடுமோ என்ற அச்சம் ஒரு பக்கம்; உடலின் பெருஞ்சிரைக்குள் செல்லும் மையச்சிரைக் குழாயைப் போட்டு முடிக்கும்வரை மூளை தாங்குமோ என்ற அச்சம் மறுபக்கம்.

இந்தத் தயக்கத்தில் கழியும் நிமிடங்களே நோயாளிக்கு அதிகக் கேடு செய்கின்றன என்பது என் உறுதியான எண்ணம். அதனால் இந்தக் கட்டுரையில் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எதில் என்ன ஆபத்து, எந்த ஆபத்தை எதற்காக ஏற்கலாம் என்று பார்க்கிறேன்.

## எடைபோட வேண்டியவை

முதலில் பார்க்க வேண்டியது நேரம். நோயாளியின் மூளை எத்தனை நிமிடம் பொறுக்கும் என்பதற்கு விடை தெரியாமல் மற்ற எதையும் முடிவு செய்ய இயலாது. வலிப்பு, ஆழ்ந்த மயக்கம், மூளை பிதுங்குவதற்கான அறிகுறிகள் ஆகியவை இருந்தால் கணக்கு நிமிடங்களில். தலைவலியும் குமட்டலும் மட்டும் இருந்தால் மணிகளில்.

அடுத்தது கரைசலின் அடர்த்தி. 3 சதவீதமும் 23.4 சதவீதமும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும் சிரைச் சுவரைப் பொறுத்தவரை அவை இரண்டு வேறு பொருள்கள். அடர்த்தியோடு சேர்த்தே பார்க்க வேண்டியது, அந்தக் கரைசல் எவ்வளவு நேரம் சிரையைத் தொட்டுக்கொண்டிருக்கப்போகிறது என்பது. 20 நிமிடத்தில் முடியும் போலஸ் (குறுகிய நேரத்தில் ஒரே தடவையாக ஏற்றும் அளவு) ஒன்றையும் இரண்டு நாள் ஓடும் தொடர் சொட்டையும் ஒரே விதியால் ஆள்வதே பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம்.

மூன்றாவதாகச் சிரையின் தரமும் அதைக் கவனிக்கும் கண்களும். பெரிய சிரையில் நன்றாக உட்கார்ந்த கேனுலாவும், மணிக்கு ஒருமுறை அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கும் செவிலியரும் இருந்தால் ஆபத்தின் அளவே மாறிவிடும். வலிக்கிறது என்று சொல்லக்கூடிய நோயாளியா, மயக்க மருந்தில் இருப்பவரா என்பதும் இதில் அடங்கும்.

கடைசியாக, மாற்று வழியின் ஆபத்து. புறச்சிரையின் தீங்கைப் பட்டியலிடும் பலரும் மையச்சிரைக் குழாயின் தீங்கைத் தட்டின் மறுபக்கத்தில் வைப்பதில்லை. அது இல்லாமல் ஒப்பீடு ஒப்பீடாகாது.

சோடியம் மிக வேகமாக உயர்ந்து மூளை நரம்புகளின் மயலின் உறை சிதையும் ஆபத்தை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. அது எந்தச் சிரை வழியே ஏற்றினாலும் ஒன்றேதான். முதல் 24 மணி நேரத்தில் 10 மில்லிமோலுக்கு மேல் உயரவிடக்கூடாது என்ற எல்லையும், மதுப்பழக்கம், ஊட்டக்குறைவு, பொட்டாசியக் குறைவு, கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு 8-ஐத் தாண்டவிடக்கூடாது என்ற எச்சரிக்கையும் எல்லா வழிகளுக்கும் பொருந்தும்.

## எண்கள் காட்டுவது

இரத்தப் பிளாஸ்மாவின் ஆஸ்மோலாரிட்டி (கரைந்துள்ள துகள்களின் அடர்த்தி) லிட்டருக்கு ஏறத்தாழ 290 மில்லி ஆஸ்மோல். அன்றாடம் ஏற்றப்படும் சில கரைசல்களை அதனோடு வைத்துப் பார்க்கலாம்.

| கரைசல் | லிட்டருக்கு மில்லி ஆஸ்மோல் | வழக்கமான வழி |
|---|---|---|
| 0.9% சோடியம் குளோரைடு | 308 | புறச்சிரை |
| 3% சோடியம் குளோரைடு | 1027 | இடத்துக்கு இடம் மாறுகிறது |
| 20% மேனிடால் | 1098 | புறச்சிரை |
| 8.4% சோடியம் பைகார்பனேட் | 2000 | அவசரத்தில் புறச்சிரை |
| 50% டெக்ஸ்ட்ரோஸ் | சுமார் 2525 | அவசரத்தில் புறச்சிரை |
| 7.5% சோடியம் குளோரைடு | 2567 | மையச்சிரை. ஆம்புலன்ஸ் ஆய்வுகளில் புறச்சிரை |
| 23.4% சோடியம் குளோரைடு | சுமார் 8008 | மையச்சிரை |

மூளை அழுத்தத்தைக் குறைக்கும் மேனிடால் பாட்டிலைத் தயக்கமின்றி முன்கைக் கேனுலாவில் மாட்டும் ஒரு பிரிவு, அதைவிடச் சற்றே அடர்த்தி குறைந்த 3 சதவீத உப்புக்கரைசலுக்கு மட்டும் மையச்சிரைக் குழாய் கேட்பதற்கு உடலியல் சார்ந்த நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பழக்கமே அங்கு விதியாகியிருக்கிறது.

அந்த விதிக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 900 என்ற எல்லை. அமெரிக்காவின் இன்ஃப்யூஷன் நர்சஸ் சொசைட்டி வெளியிடும் நெறிமுறைகள், லிட்டருக்கு 900 மில்லி ஆஸ்மோலைத் தாண்டும் கரைசல்களைப் புறச்சிரையில் தொடர்ந்து ஏற்ற வேண்டாம் என்கின்றன. 2011-ஆம் ஆண்டுப் பதிப்பில் இதே எல்லை 600 ஆக இருந்தது. 2016-இல் 900 ஆயிற்று. சிரைச் சுவர் அந்த ஐந்தாண்டில் மாறிவிடவில்லை. நாள்கணக்கில் புறச்சிரை வழியே ஊட்டக்கரைசல் ஏற்றப்பட்ட அனுபவத்திலிருந்து பெரிதும் எழுந்த இந்த எண்ணை, 150 மில்லி லிட்டர் கரைசல் 20 நிமிடம் ஓடுவதற்கு அப்படியே பொருத்துவது சரியல்ல. அதே நேரத்தில், தொடர் சொட்டு இரண்டு மூன்று நாள் ஓடப்போகிறது என்றால் அந்த எல்லைக்குப் பின்னால் உள்ள எச்சரிக்கையை மதிக்கத்தான் வேண்டும்.

## புறச்சிரை வழி

அடர் கரைசல் சிரையின் உள்ளுறைச் செல்களிலிருந்து நீரை இழுக்கிறது. செல்கள் சுருங்கி, இடைவெளி விட்டு, அழற்சி தொடங்குகிறது. இரத்த ஓட்டம் மிகுந்த பெரிய சிரையில் கரைசல் உடனே நீர்த்துவிடுவதால் இந்தத் தாக்கம் குறைவு. புறங்கையின் மெல்லிய சிரையில் கேனுலாவே குழாயை அடைத்துக்கொண்டிருப்பதால் கரைசல் ஏறக்குறைய நீர்க்காமலே சுவரைத் தொடுகிறது. ஆகவே சிரையின் தேர்வு இங்கே அலங்கார விவரமாகாது, பாதுகாப்பின் பாதி அதில்தான் இருக்கிறது.

3 சதவீதக் கரைசலைப் புறச்சிரையில் ஏற்றியதைப் பற்றி நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து வெளிவந்த ஆய்வுகள் பெரும்பாலும் பின்னோக்கிப் பதிவேடுகளைப் பார்த்தவை. நோயாளிகளின் எண்ணிக்கையும் சிறியது. அவற்றில் பதிவான சிக்கல்கள் பெரும்பாலும் இலேசான சிரை அழற்சியும் கேனுலாவைச் சுற்றிய வீக்கமுமே. கையே பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் அரிது. இதை மதிப்பிடும்போது மறக்கக்கூடாத ஒரு பின்னணி உண்டு. சாதாரண மருந்துகள் மட்டும் செல்லும் புறச்சிரைக் கேனுலாக்களிலேயே மூன்றில் ஒன்றுக்கு மேல் சிகிச்சை முடியும் முன்பே அடைப்பு, அழற்சி, கசிவு, நழுவல் ஆகியவற்றால் செயலிழக்கின்றன. 3 சதவீதக் கரைசலின் மேல் சுமத்தப்படும் பழியில் ஒரு பகுதி கேனுலாவுக்கே உரியது.

7.5 சதவீதக் கரைசலைப் பற்றியும் ஒரு பாடம் கிடைத்திருக்கிறது. தலைக்காயமடைந்தவர்களுக்கு மருத்துவமனையை அடையும் முன்பே 250 மில்லி லிட்டர் ஏற்றிப் பார்த்த ஆய்வுகள் 2004-இல் ஆஸ்திரேலியாவிலிருந்தும் 2010-இல் வட அமெரிக்காவிலிருந்தும் வெளிவந்தன. மாதங்கள் கழித்துப் பார்த்தபோது நோயாளிகளின் நரம்பியல் நிலையில் அதனால் மேம்பாடு தெரியவில்லை. எனவே அந்தப் பழக்கம் பரவவில்லை. ஆயினும் 3 சதவீதத்தைப்போல இரண்டரை மடங்கு அடர்ந்த ஒரு கரைசலைச் சாலையோரத்தில் போட்ட கேனுலா வழியே குறுகிய நேரத்தில் ஏற்ற முடிந்திருக்கிறது என்பது கவனத்துக்குரியது.

சோடியக் குறைவுக்கான சிகிச்சை நெறிமுறைகளும் இந்த வழிக்கு இடம்தரும் வடிவிலேயே அமைந்துள்ளன. 2014-ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டி, கடும் அறிகுறிகள் இருந்தால் 150 மில்லி லிட்டர் 3 சதவீதக் கரைசலை 20 நிமிடத்தில் ஏற்றி, சோடியம் 5 மில்லிமோல் உயரும்வரை தேவைக்கேற்பத் திரும்ப ஏற்றச் சொல்கிறது. 100 மில்லி லிட்டரைப் 10 நிமிடத்தில், மூன்று முறை வரை என்பது அமெரிக்க நிபுணர் குழுவின் பரிந்துரை. கொரியாவில் 178 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வு, விட்டுவிட்டுத் தரும் போலஸ் முறையில் சோடியம் எல்லை மீறி உயர்வது தொடர் சொட்டைவிட அதிகமில்லை என்று காட்டியது. போலஸ் முறையே போதுமென்றால், சிரையைக் கரைசல் தொடும் மொத்த நேரம் ஒரு மணிக்குள் அடங்கிவிடுகிறது.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் இந்த வழியைப் பரிந்துரைப்பது நேர்மையாகாது. மணிக்கு ஒருமுறையாவது கேனுலா இருக்கும் இடத்தைப் பார்த்து, தொட்டு, எழுதிவைக்கச் செவிலியரின் நேரம் வேண்டும். ஒருவரே பல படுக்கைகளைப் பார்க்கும் இரவில் அது நடக்காது என்றால், புறச்சிரையின் பாதுகாப்பு காகிதத்தில் மட்டுமே இருக்கும். பம்பின் எச்சரிக்கை ஒலியை நம்பவே கூடாது: அது அடைப்பைக் கண்டறியும், கசிவைக் கண்டறிவது அரிது, தளர்ந்த திசுவுக்குள் கரைசலை அது அமைதியாகச் செலுத்திக்கொண்டே இருக்கும். அதே கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றுவதும், அதே கையிலிருந்து சோடியம் பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதும் தவறு. பின்னது பொய்யான உயர்ந்த எண்ணைத் தந்து சிகிச்சையையே திசைதிருப்பும்.

கூடவே சாதாரண சலைனை ஓடவிட்டு நீர்க்கச் செய்யும் உத்தி சிலருக்குப் பிடித்தமானது. கணக்கு கவர்ச்சியானதுதான்: மணிக்கு 50 மில்லி லிட்டர் 3 சதவீதத்தோடு 100 மில்லி லிட்டர் 0.9 சதவீதத்தைச் சேர்த்தால் கலவை லிட்டருக்குச் சுமார் 550 மில்லி ஆஸ்மோலுக்கு இறங்குகிறது. ஆனால் நாளொன்றுக்கு 2.4 லிட்டர் கூடுதல் திரவம் உடலில் சேர்கிறது. உடலில் நீரைத் தேக்கும் ஹார்மோன் ஒழுங்கின்றி மிகுதியாகச் சுரப்பதால் சோடியம் குறைந்தவருக்கு அந்த 0.9 சதவீதமே சோடியத்தை மேலும் இறக்கக்கூடும். சிரையைக் காக்கும் பொருட்டு நோயைக் கூட்டிவிடக்கூடாது.

நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொன்னால்: 18 அல்லது 20 கேஜ் (பருமன் அளவு) கேனுலா, முன்கையின் நேரான பெரிய சிரை, மூட்டு மடியும் இடமோ புறங்கையோ காலோ கூடாது, உள்ளே தெரியும் ஒட்டுத்தாள், ஏற்றும் முன் இரத்தம் பின்வருகிறதா என்ற சோதனை, இன்னொரு கையில் மாற்றாக இன்னொரு கேனுலா. அல்ட்ராசவுண்ட் பார்த்து மேற்கையின் ஆழமான சிரையில் குட்டைக் கேனுலா போட்டிருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். சிரைக்குள் இருக்கும் நீளம் குறைவாக இருப்பதால் எளிதில் நழுவும், ஆழத்தில் கசிவதால் வீக்கம் தாமதமாகவே கண்ணுக்குத் தெரியும்.

## மையச்சிரை வழி

மேற்பெருஞ்சிரையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. மணிக்கு 50 மில்லி லிட்டர் வேகத்தில் வரும் 3 சதவீதக் கரைசல் அங்கே இரண்டாயிரம் மடங்குக்கு மேல் நீர்த்துவிடும். சிரை அழற்சி என்ற கவலையே அங்கே பெரும்பாலும் எழுவதில்லை. நாள்கணக்கில் ஓட வேண்டிய சொட்டுக்கும், 23.4 சதவீதக் கரைசலுக்கும், இரத்த அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் போன்ற மருந்துகள் எப்படியும் தேவைப்படும் நோயாளிக்கும் இதுவே உரிய வழி என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதன் விலை வேறு இடத்தில் இருக்கிறது. தேர்ந்த கைக்கும் தயாரிப்பு, கிருமிநீக்கம், குழாய் செருகல், எக்ஸ்ரே சரிபார்ப்பு எல்லாம் சேர்ந்து அரை மணி ஆகலாம். அனுபவம் குறைந்தவருக்கு இன்னும் கூடும். கழுத்திலோ காறையெலும்பின் கீழோ குழாய் போடத் தலையைத் தாழ்த்திப் படுக்க வைப்பது, மூளை அழுத்தம் ஏற்கெனவே உயர்ந்தவருக்கு அந்த அழுத்தத்தை மேலும் ஏற்றும். எந்தச் சிக்கலுக்கு மருந்து தரப் போகிறோமோ அதையே மோசமாக்கிக்கொண்டு மருந்துக்கான வழியைத் தேடுகிறோம் என்பதை அந்த நேரத்தில் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

2015-இல் வெளியான, மூன்று இடங்களை ஒப்பிட்ட பிரெஞ்சு ஆய்வு இந்த வழியின் தீங்கை நன்றாக அளந்து காட்டியது. இரத்தத்தொற்றும் அறிகுறியுள்ள இரத்தக்கட்டும் சேர்ந்த அளவு, ஆயிரம் குழாய் நாள்களுக்குக் காறையெலும்புச் சிரையில் 1.5, கழுத்துச் சிரையில் 3.6, தொடைச் சிரையில் 4.6. செருகும்போது நேரும் பெரிய சிக்கல்களின் வரிசையோ தலைகீழ்: காறையெலும்பில் 2.1 சதவீதம், கழுத்தில் 1.4, தொடையில் 0.7. ஓர் ஆபத்தைக் குறைக்கும் இடம் இன்னோர் ஆபத்தைக் கூட்டுகிறது. ஆபத்தே இல்லாத இடம் ஒன்றும் இல்லை. கையில் வரும் சிரை அழற்சி பெரும்பாலும் சில நாளில் ஆறும். நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுவதும் குழாய்வழி இரத்தத்தொற்றும் உயிரைக் குடிக்கக்கூடியவை.

இன்னொரு மறைமுகச் செலவு, ஒருமுறை போட்ட குழாய் தேவை முடிந்த பின்னும் கிடந்துவிடுவது. வசதியாக இருக்கிறது என்பதற்காக விடப்படும் ஒவ்வொரு நாளும் தொற்றின் வாய்ப்பைக் கூட்டுகிறது.

23.4 சதவீதத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மூளை பிதுங்கும் நிலையில் அதில் 30 மில்லி லிட்டர் தருவது வழக்கம். அதில் உள்ள சோடியம் ஏறத்தாழ 120 மில்லிமோல். 3 சதவீதக் கரைசல் 250 மில்லி லிட்டரில் உள்ளது 128 மில்லிமோல். உப்பின் அளவு ஏறக்குறைய ஒன்றே. நல்ல 18 கேஜ் கேனுலா வழியே 250 மில்லி லிட்டரைக் கால் மணிக்குள் செலுத்திவிட முடியும் என்னும்போது, 23.4 சதவீதத்தைத் தருவதற்காகவே மையச்சிரைக் குழாய்க்குக் காத்திருப்பது எதற்கு? கூடுதலாகச் சேரும் 220 மில்லி லிட்டர் திரவத்தைத் தாங்காத இதயமோ சிறுநீரகமோ இருந்தால் மட்டுமே அந்த வேறுபாடு முக்கியமாகிறது. 23.4 சதவீதத்தைப் புறச்சிரையில் தந்த சிறு அனுபவத் தொகுப்புகள் வெளியாகியிருந்தாலும், ஒரு கசிவு என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்த்தால், 3 சதவீதம் கைவசம் இருக்கும் இடத்தில் அதைச் செய்ய நான் துணியமாட்டேன். அதோடு 23.4 சதவீதக் குப்பியை வார்டு அலமாரியில் வைத்திருப்பதே ஆபத்து. வேறு குப்பியென்று தவறாக எடுக்கப்பட்டால் விளைவு மரணமாகலாம்.

## மிட்லைனும் பிக் லைனும்

மேற்கைச் சிரையில் செருகும் நீண்ட குழாயான மிட்லைனின் நுனி அக்குள் மட்டத்தோடு நின்றுவிடுகிறது. சாதாரணக் கேனுலாவைவிட நீண்ட நாள் நிற்கும், ஓட்டம் மிகுந்த சிரையில் இருக்கும். ஆனாலும் அது புறச்சிரைக் குழாயே, எனவே ஆஸ்மோலாரிட்டி எல்லை அதற்கும் பொருந்தும். ஆழத்தில் நுனி இருப்பதால் அழற்சியும் கசிவும் தாமதமாகவே தெரியும் என்பது அதன் பலவீனம்.

கையிலிருந்து செருகி நுனி மேற்பெருஞ்சிரையில் நிற்கும் பிக் லைன், நெஞ்சில் காற்று புகும் ஆபத்தையும் தலையைத் தாழ்த்த வேண்டிய தேவையையும் தவிர்க்கிறது. மேற்கைச் சிரையில் இரத்தக்கட்டு உண்டாகும் வாய்ப்பு அதற்கு உண்டு. தீவிர நோயாளிகளில் அது சிறிய விஷயமல்ல. நிதானமான நேரத்தில், பல நாள் சிகிச்சை தெளிவாகத் தெரியும்போது எடுக்க வேண்டிய வழி அது, அவசரத்துக்கு உதவாது.

## எலும்பு வழி

சிரை எதுவும் கிடைக்காதபோது எலும்பு மஜ்ஜை வழியே 3 சதவீத போலஸ் தருவது நியாயமான கடைசி வழி, குறிப்பாகக் குழந்தைகளுக்கு. ஊசி சரியாக உட்காராவிட்டால் தசையறைக்குள் கசிந்து அழுத்தம் ஏறும். 7.5 சதவீதக் கரைசலை இவ்வழியில் தந்த விலங்காய்வில் திசு அழிவு பதிவாகியிருப்பதால் 3 சதவீதத்தைவிட அடர்ந்தவற்றுக்கு இது வேண்டாம்.

## கரைசலையே மாற்றுதல்

மூளை அழுத்தம்தான் பிரச்சினை என்றால் மேனிடால் இருக்கிறது. ஆனால் அது சிறுநீரைப் பெருக்கி இரத்த அழுத்தத்தை இறக்கும், இரத்தம் இழந்து அழுத்தம் குறைந்தவருக்கு உகந்ததல்ல, குளிரில் படிகமாகும் என்பதால் வடிகட்டியோடு ஏற்ற வேண்டும். 8.4 சதவீத சோடியம் பைகார்பனேட் 85 மில்லி லிட்டர், 5 சதவீத உப்புக்கரைசல் 100 மில்லி லிட்டருக்கு இணையாக மூளை அழுத்தத்தைக் குறைத்ததாக ஒரு சிறிய ஆய்வு காட்டியது. வேறெதுவும் கிடைக்காத இடத்தில் நினைவில் வைக்கத்தக்கது. சோடியக் குறைவால் வரும் வலிப்புக்கு மேனிடால் மாற்றாகாது.

## எந்தச் சூழலில் எது

சோடியக் குறைவால் வலிப்போ மயக்கமோ வந்தவருக்கு, கையில் நல்ல கேனுலா இருந்தால் 3 சதவீத போலஸை அதன் வழியே உடனே தொடங்க வேண்டும். இதற்காக மையச்சிரைக் குழாய் போடத் தேவையில்லை. 4 முதல் 6 மில்லிமோல் உயர்வே பெரும்பாலும் ஆபத்தைத் தணிக்கப் போதுமானது என்பதால், பலருக்கு அதற்குப் பிறகு அடர் கரைசலே வேண்டியிராது.

மூளை பிதுங்கும் அறிகுறி தெரிந்தவருக்கு 250 மில்லி லிட்டர் 3 சதவீதம் புறச்சிரை வழியே, அதே நேரத்தில் இன்னொருவர் மையச்சிரைக் குழாய்க்கு ஆயத்தம். முதல் போலஸ் உள்ளே போய்விட்டால், குழாயை நிதானமாகவும் தூய்மையாகவும் போட நேரம் கிடைக்கிறது.

தொடர் சொட்டு தேவையென்றால், மணிக்கு 50 மில்லி லிட்டருக்கு மிகாமல், முதல் 12 முதல் 24 மணி வரை புறச்சிரையில் ஓட்டலாம் என்பது என் கருத்து. அதற்குள் நிறுத்த முடியாது என்று தெரிந்தவுடன், சிரை கெடும்வரை காத்திராமல் மையச்சிரைக்கு மாற்ற வேண்டும். மயக்க மருந்தில் இருப்பவர், சிரைகள் மெலிந்த முதியவர், கைக்குழந்தை, மணிக்கொருமுறை பார்க்க ஆளில்லாத வார்டு ஆகியவற்றில் இந்த அவகாசத்தை இன்னும் குறைக்க வேண்டும். குழந்தைகளுக்குத் தலைக்காயத்தில் கிலோவுக்கு 2 முதல் 5 மில்லி லிட்டர் போலஸ் என்ற அளவு புறச்சிரைக்கும் பொருந்தும். சிரை சிறிது என்பதால் இரண்டாம் போலஸுக்கு முன் கேனுலாவை மீண்டும் சோதிப்பது கட்டாயம்.

இரத்தம் உறையாத நோயாளி, தட்டணுக்கள் மிகக் குறைந்தவர், கழுத்தில் அறுவை நடந்தவர் ஆகியோரிடம் மையச்சிரைக் குழாயின் ஆபத்து கூடுவதால் தராசு புறச்சிரைப் பக்கம் சாயும். அதிர்ச்சி நிலையில் வேறு மருந்துகளும் ஓடும் நோயாளியிடம் மறுபக்கம் சாயும்.

## கசிந்துவிட்டால்

வீக்கம், வெளிறல், குளிர்ச்சி, எரிச்சல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் சொட்டை அந்த நொடியே நிறுத்த வேண்டும். கேனுலாவைப் பிடுங்கும் முன் அதன் வழியே இயன்றவரை திரவத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும். சலைனைச் செலுத்தி அடைப்பு நீக்கப் பார்ப்பது கசிவைப் பரப்பும். கையை உயர்த்தி வைத்து, வீக்கத்தின் விளிம்பைப் பேனாவால் குறித்து, நேரம் எழுதி, படம் எடுத்து வைத்தால் அடுத்த பணிமுறையில் வருபவர் பரவலை ஒப்பிட முடியும். கசிவு பெரிதாக இருந்தால், முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஹயலூரனிடேஸ் என்னும் நொதியை அந்த இடத்தைச் சுற்றித் தோலுக்கடியில் செலுத்துவது திரவத்தைப் பரவவிட்டு உறிஞ்சச் செய்யும். கொப்புளம், கருமை, விரல்களில் உணர்வின்மை, தசையறை இறுக்கம் தெரிந்தால் பிளாஸ்டிக் சர்ஜனை அழைப்பதில் தாமதம் கூடாது. இதற்கிடையே மாற்றுக் கையிலிருக்கும் இரண்டாவது கேனுலாவில் மீதி போலஸ் தொடர வேண்டும். ஏனெனில் கை வீங்கியதால் மூளையின் அவசரம் தீர்ந்துவிடவில்லை.